முடியில் ஏறிய துத்தநாகம்

மடார் என்று அறைக் கதவு அதிர்ந்தது. மறுபடியும் மடார். மூன்றாம் முறை சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கிய முலாம்காரரின் மனைவி அலறினாள்.

வாசலுக்கு வெளியே காய்கறிப் பையோடு நின்றிருந்த முலாம்காரர் பையைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். மகனின் நெற்றி பிளந்து மூக்கு வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்குவதற்கு நீட்டிய கை பாதியிலேயே நின்றது. தொடலாமா? பெற்ற பிள்ளை ரத்தம் வழிய நிற்கும்போது அப்படியொரு தயக்கம் வந்ததற்காகப் பிற்பாடு அவர் தன்னையே மன்னிக்கவில்லை. மனைவிதான் பிள்ளையை வாரி எடுத்தாள்.

பையனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. யார் தொட்டாலும் உடம்பைச் சுருட்டிக்கொள்வான். அப்பா வேலை முடிந்து வரும்போது மட்டும் கதை வேறு. ஓடி வந்து தலையை அவர் உள்ளங்கையில் முட்டுவான். அவர் முடியைக் கோதிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி ஒரு முட்டு. கை கழுவிவிட்டு வருகிறேன் என்றாலும் விடமாட்டான். அதனாலேயே அவனுக்குப் பூனை என்ற பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது.

இந்தச் சுகத்துக்கு வினை மச்சான் உருவில் வந்தது. மனைவியின் தம்பி எங்கேயோ கேள்விப்பட்டு, ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவரிடம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உடம்பில் தாதுக்கள் ஏறுமாறாக இருக்கும், முடியைச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றார் ஆலோசகர். பிடரியில் ஒரு கொத்து வெட்டி அனுப்பினார்கள். செம்பு, இரும்பு, செலினியம் எல்லாம் ஒழுங்கு. துத்தநாகம் மட்டும் எகிறியிருந்தது. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார் ஆலோசகர். இரும்புக் குழாய்களை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிற வேலை என்றதும், கண்டுபிடித்துவிட்ட களிப்போடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உங்களிடமிருந்துதான் பிள்ளை உடம்புக்குள் போகிறது, தள்ளியே இருங்கள் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

முலாம் தொட்டியடியில் கூட நிற்கிற நண்பருக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை.

"உன் கை பட்டா பையன் ஆயுசுக்கும் துருப்பிடிக்க மாட்டான்யா, போ."

முலாம்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடினார்; ராத்திரி திண்ணையில் படுத்தார். பூனை முட்ட வந்தால் விலகினார். அவன் காற்றில் முட்டித் தடுமாறுவதைப் பார்க்காமல் இருக்க முகத்தையும் திருப்பிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து மறுபடி முடி வெட்டி அனுப்பினார்கள். துத்தநாகம் ஒரு துளிகூட இறங்கவில்லை. தன் மூச்சே பிள்ளைக்கு ஆகாது போலிருக்கிறது என்று அவராகவே முடிவுகட்டி, பட்டறை மாடியில் படுக்கையைப் போட்டார். மாலையில் சாமான் வாங்கி வந்து வாசலோடு கொடுத்துவிட்டுப் போவார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மனைவி பிள்ளையை அறைக்குள் விட்டுத் தாழ் போடுவாள். அவன் முட்டுவதற்குக் கதவுதான் மிஞ்சியது.

நெற்றிக்குத் தையல் போட்ட டாக்டரம்மா எப்படி அடிபட்டது என்று கேட்டார். மனைவி ஒன்று விடாமல் சொன்னாள். முடிச் சோதனை வரைக்கும் வந்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. முதலில் ரத்தத்தைப் பார்ப்போம் என்றார்.

ரத்தத்தில் துத்தநாகம் சரியான அளவில் இருந்தது.

"உங்க கையில இருந்த தூள் அவன் முடியில ஒட்டியிருக்கு. இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தா உடம்புல எதுவும் கூடல," என்றார் டாக்டரம்மா. "குளிச்சு, உடுப்பை மாத்திட்டு, தாராளமா பிள்ளையைத் தூக்குங்க."

அப்படியானால் ஆட்டிசம் தன்னால் வந்ததில்லையா என்று முலாம்காரர் இழுத்தார். அப்படி நினைத்து உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டரம்மா. பிறகு, நீங்கள் தொடுவதை நிறுத்தியும் இரண்டாம் முறை ஏன் இறங்கவில்லை என்றுதான் புரியவில்லை என்றார். முலாம்காரருக்கும் புரியவில்லை. மனைவி குனிந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை அவர் பட்டறையிலேயே தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தாழ் போடாத அறைக்குள் பூனை பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவர் எதிரில் உட்கார்ந்து, எத்தனையோ மாதமாக ஒளித்து வைத்திருந்த உள்ளங்கையை நீட்டினார்.

பையன் கையைப் பார்த்தான். குனிந்து மோந்து பார்த்தான். சோப்பு வாசனையைத் தவிர அதில் எதுவும் இல்லை. மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான்.

நீட்டிய கையை மடக்க மறந்து அப்படியே இருந்தார் முலாம்காரர். எவனோ ஒருத்தன் பேச்சைக் கேட்டுத் தானே விலகிப்போனதை நினைத்துக்கொண்டார். பிள்ளை தன்னை மறந்துவிட்டான், மறந்தது நியாயம்தான் என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் அறைக்குள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க தொடுறத நிறுத்தின நாள்லேருந்து துவைக்காத உங்க பழைய வேலைச் சட்டையைத் தலையில சுத்திக்கிட்டாதாங்க தூங்குறான்; அதைப் பிடுங்கவும் எனக்கு மனசு வரல, உங்ககிட்ட சொல்லவும் தைரியம் வரல."