முகத்துக்கும் குரலுக்கும் ஒரே பியூஸ்

குழலியின் அப்பா இறந்த பிறகு தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில்தான் இருந்தார். வண்டி முன்னறையில் நின்றது. ஹெட்லைட்டைப் போட்டால் எதிர்ச்சுவரில் முழு உயரத்துக்கு வருவார். ஹாரனை அழுத்தினால் பேசுவார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பியூஸ் போய்விடும்.

அதனால் வெள்ளிக்கிழமை முகம். மற்ற நாட்களில் குரல்.

அம்மா உலகம்மாளுக்கு இது போதவில்லை. முகம் தனியாக வந்தால் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறதாம். குரல் தனியாக வந்தால் ரேடியோ மாதிரி இருக்கிறதாம். அவர் வாயசைத்துப் பேசுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள்.

"சிகரெட் பெட்டியில வெள்ளித் தாளு இருக்கும்லா, அத பியூஸ்ல சுத்தி வுடுக்கா," என்றார் மாமா வன்னியராசு. "பொறவு போவவே போவாது."

மாமா போன தையிலிருந்து கரண்டை அளந்து காட்டும் அம்மீட்டராக இருந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கரண்ட் செலவானால் தலை இடப்பக்கம் சாயும். சோறு ஊட்டுவதுதான் கஷ்டம்.

அம்மா தாளை மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

"வயரு கருகிட்டுன்னா என்னம்மா செய்வ?"

"புது வயரு வாங்கிக்கிடலாம்ட்டி."

"அப்பாவ?"

அம்மா தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"செத்த பொறு. படத்தப் பாத்துட்டு வாரேன்," என்றாள் குழலி.

வண்டியின் வயரிங் படம் சுவரில் ஒட்டியிருந்தது. குழலி படத்திலிருந்த பேட்டரிக்குப் பக்கத்தில் ஏறி, சிவப்புக் கோட்டில் நடந்தாள். நடக்க நடக்கக் கோடு நீண்டது.

குறுக்கே ஒரு பழுப்புக் கோடு வந்தது. அதில் அப்பா வண்டி ஓட்டி வந்தார். முன்னால், பெட்ரோல் டேங்கின்மேல், சிறு பிள்ளையாகக் குழலியே உட்கார்ந்திருந்தாள். கையில் சேமியா ஐஸ். அது டேங்கில் சொட்ட, அப்பா சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

குழலி கையை நீட்டினாள். படவில்லை. வயரிங் படத்தில் கோடுகள் குறுக்கே போனால் மட்டும் அவை சேர்ந்ததாகாது. சந்திப்பில் கறுப்புப் புள்ளி வேண்டும். இங்கே புள்ளி இல்லை. வண்டி அவளைத் தாண்டிப் போயிற்று.

சிவப்புக் கோடு ஒரு கண்ணாடிக் குழாயில் முடிந்தது. உள்ளே மெலிந்த பெண் ஒருத்தி இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் பியூஸ்.

"எவ்வளவு தாங்குவீய?"

"ஒரு முகம். இல்லன்னா ஒரு குரல்."

"வெள்ளித் தாளு சுத்துனா?"

"நான் சாவ மாட்டேன். எனக்குப் பின்னால உள்ளதெல்லாம் சாவும்."

"எங்களுக்கு ரெண்டும் வேணுமே."

"அப்பம் ஆளக் கொறச்சுட்டு வா."

குழலிக்கு விளங்கிவிட்டது. இறங்கி வந்து, ஹெட்லைட் பல்பைக் கழற்றினாள். வீட்டில் இருப்பதிலேயே சின்ன பல்பை அங்கே போட்டாள்.

சுவரில் அப்பா உள்ளங்கை உயரத்துக்கு வந்தார். மங்கலாக இருந்தார். மீசை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பார்த்தால் தெரிந்தது.

"இம்புட்டுதானா?" என்றாள் அம்மா.

"இம்புட்டா இருந்தாத்தான் பேசுவாவ."

அம்மா தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழலி ஹாரனை அழுத்தினாள். மாமாவின் தலை சாய்ந்தது. பியூஸ் போகவில்லை.

அப்பாவின் வாய் அசைந்தது.

"நிக்கிற வண்டிக்கு என்னத்துக்கு லைட்டு? பேட்டரி எறங்கிரும். அணைங்கட்டி."

உயிரோடு இருந்தபோதும் அவர் இதைத்தான் சொல்வார். அம்மா ஓடிப்போய் அணைப்பாள்.

"அணைக்க மாட்டேன்," என்றாள் அம்மா.

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். அவருக்கு இது புதிது.

"எறங்கிரும் உலகு."

"எறங்கட்டும். வேற ஏதாவது பேசுங்க."

அவர் யோசித்தார். யோசிக்கும்போதே இன்னும் கொஞ்சம் மங்கினார்.

"குத்தாலத்துல தண்ணி வுழுதா?"

அது பங்குனி மாதம். அருவியில் வெறும் பாறைதான் இருந்தது.

"நல்லா வுழுது," என்றாள் அம்மா. "கூட்டம் தாங்கல. நீங்க கேளுங்க, சொல்லுதேன்."