வீட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாலி பிரிஜைத் திறந்து அதற்குள்ளும் தேடத் தொடங்கினாள். தொலைந்தது சாவியோ மூக்குக்கண்ணாடியோ அல்ல, எங்கள் மகன் சுலக்சனின் பிறப்புச் சான்றிதழ். நாங்கள் இருக்கும் இத்தாலித் தீவு நகரத்தின் நகரசபையில் எடுத்து, ப்ரெஃபெத்துரா என்ற அரச கந்தோரில் முத்திரை குத்தி, தாய்லாந்து மொழியில் பெயர்த்து, ஒரு பச்சை உறைக்குள் போட்டு வைத்திருந்தோம். நான் கையெழுத்துப் போடவேண்டிய படிவமும் அதற்குள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் மூன்று பேரும் ரோமுக்கு ரயில் ஏறவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாய்லாந்துப் பிரஜையாகப் பதிய, புதன்கிழமை அங்குள்ள தூதரகத்தில் நேரம் தந்திருந்தார்கள். உறை இல்லாமல் போனால் தூதரக வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நானும் தேடினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்தேன், தொலைக்காட்சிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன், குப்பைப் பையைக்கூடக் கிளறினேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்னைப்போல் மும்முரமாகத் தேடியவர் யாருமில்லை. ஒளித்து வைத்தவன் நான்தான், ஆகவே எந்த இடத்தில் தேடக்கூடாது என்பதும் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மாலி தாய்லாந்துக்காரி. அந்த நாட்டின் வடகிழக்கே நெல் விளையும் ஒரு ஊர். பதின்மூன்று வருடத்துக்கு முன்னர் கால்சா என்ற பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், வசதியான இத்தாலியக் கிழவியின், வீட்டில் அவள் சமைத்தாள், நான் படிகளைக் கழுவினேன். அப்படித்தான் கண்டுகொண்டோம். கலியாணம் முடித்த புதிதில் பல்லரோ சந்தைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் குகனேஸ்வரி அக்காவின் குடும்பத்தோடு ஒரே வீட்டில், ஒரே குசினியில் இருந்தோம். மாலி தமிழ் பழகியது அந்தக் குசினியில்தான். அதனால் என் தாய்லாந்து மனைவி என்னை யாழ்ப்பாணத்துப் பெண்களைப்போல "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவாள். கோபம் வந்தால் இத்தாலியனுக்கு மாறுவாள். கோபம் முற்றினால் எந்த மொழியும் வராது. அன்றைக்கு இன்னும் தமிழில்தான் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, மொழிபெயர்ப்புக்காரியிட்டை ஆர் போய் வாங்கினது?"

"சுலக்சன்தான் பள்ளிக்கூடத்தால வரேக்கை வாங்கிக்கொண்டு வந்தவன். பிறகு நீர் மேசையில வைச்சனீர்."

"மேசையில வைச்சனான். எனக்கு நல்ல ஞாபகம். உறைக்குக் காலே இருக்கு, எழும்பி நடக்க?"

இந்தப் பதிவு மாலியின் எண்ணம். எனக்கு அகதி என்ற பத்திரம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இலங்கைத் தூதரகத்தின் படியை மிதிக்க முடியாது. இங்கேயே பிறந்தாலும் பதினெட்டு வயது வரும்வரை சுலக்சன் இத்தாலிக்காரன் இல்லை. ஆகவே என் மகனுக்குக் கணக்கில் ஒரு நாடும் இல்லை, என்னுடைய பெர்மெசோவின், அந்த வதிவிட அனுமதியின், வால் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "நாளைக்கு இஞ்சையிருந்து போ எண்டு சொன்னா அவன் எங்கை போறது? எனக்கு ஊர் இருக்கு. என்ர பிள்ளைக்கும் ஒண்டு இருக்கவேணும்" என்று மாலி சொன்னாள். தாய் தாய்லாந்துக்காரி என்றால் பிள்ளையும் பிறக்கும்போதே தாய்லாந்துக்காரன்தானாம், எழுதாமல் விட்டது மட்டும்தான் பிழையாம். அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. நான்தான் வேலைக்கு விடுப்புப் போட்டு நகரசபை வரிசையில் நின்றேன். முத்திரை விழுந்த அன்றைக்கு மூன்று பேருமாக ஐஸ்கிரீம் குடித்தோம்.

பிறகு சித்திரை மாதம் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலியின் தமையன் ஒரு வீடியோ அனுப்பினான். அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருபத்தொரு வயதுப் பொடியங்கள் மேற்சட்டை இல்லாமல் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். ஒவ்வொருவனாக எழும்பிப் போய் ஒரு பானைக்குள் கையை விட்டுச் சீட்டு எடுக்கிறான். கறுப்புச் சீட்டு வந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் இரண்டு வருடம் இராணுவம். கறுப்பு எடுத்த ஒருவன் துள்ளிக் குதித்து மயங்கி விழுந்தான், சனம் சிரித்தது. மாலியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த நான் வீடியோவைத் திரும்ப முதலில் இருந்து போட்டேன்.

"சுலக்சனும் உதிலை கை வைக்கவேணுமோ?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒன்பது வருசம் இருக்கு. வெளிநாட்டில படிக்கிற பிள்ளையளுக்குப் பின்போடலாம். என்ர அண்ணனும் சிவப்பு எடுத்தவர்தானே, ரெண்டு வருசம் வடிவாச் சாப்பிட்டுக் கொழுத்துப்போய் வந்தவர்."

அதிலும் ஓட்டை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பதிவு முடிந்ததும் தமையனுடைய வீட்டுப் புத்தகத்தில் சுலக்சனின் பெயரை ஏற்றுவார்களாம். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நீல அட்டைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் யார் யார், ஆணா பெண்ணா, எந்த ஆண்டு பிறந்தவர் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அவள் மருமகப் பிள்ளைகளின் பெயர்களை விரல் மடக்கிச் சொல்லிச் சந்தோசப்பட்டாள். எனக்கு எங்கள் வீட்டுக் குடும்ப அட்டை ஞாபகம் வந்தது.

சண்டைக் காலத்தில் வன்னியில் இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். வீட்டுக்கு ஒருவர் என்பது அப்போதைய கணக்கு. எனக்குப் பத்தொன்பது வயது, தங்கச்சி நிசாந்திக்குப் பதினேழு. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் அப்பா ஒரு குழி வெட்டி, மேலே பலகை போட்டு, பலகையின் மேல் நாலு விறகும் அடுக்கி வைத்திருந்தார். நாய் குரைத்தால் நான் அதற்குள் இறங்கிவிடுவேன். அன்றைக்கு வந்தவர்கள் அட்டையைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அம்மா பதில் சொல்ல முன்னர் நிசாந்தியின் குரல் கேட்டது. "ஜசிந்தன் அண்ணா போன மாசமே வீட்டை விட்டுப் போட்டார். வீட்டுக்கு ஒரு ஆள்தானே, நான் வாறன்." அவளுடைய பாட்டா ரப்பர் செருப்பு படலை வரைக்கும் சரசரத்துக்கொண்டு போனது. அந்தப் பலகை பாரமில்லை. ஒற்றைக் கையால் தள்ளியிருக்கலாம்.

நான் தள்ளவில்லை. சண்டை முடிந்து பதினாறு வருடமாகிறது, அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாலியிடம் நான் சொன்னதெல்லாம் சண்டையில் ஒரு தங்கச்சி போனாள் என்பது மட்டும். பட்டியலில் பெயர் இருந்தால் ஒருநாள் ஆள் வரும் என்பது என் இரத்தத்தில் ஊறிய பயம். நாடில்லாத பிள்ளையை எந்த நாடும் கூப்பிடாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வியாழக்கிழமை மாலி வேலைக்குப் போயிருந்த நேரம் அறைக்குள் போய், அலுமாரியின் அடியில் இருந்த சப்பாத்துகளை எடுத்து வைத்து, கழன்று கிடந்த அடித்தட்டுப் பலகையைத் தூக்கி, பச்சை உறையை உள்ளே வைத்து மூடினேன். சுலக்சன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்து, காதில் வயரைச் செருகிக்கொண்டு போனோடு கிடந்தான். அவன் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பதினொரு மணியாகியும் மாலி விடவில்லை. அரிசி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள், என் வேலை உடுப்புகளின் பைகளைப் பிதுக்கினாள். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள்கள் இரைந்தன, மேல்வீட்டுக்காரி யன்னலில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். மாலி நடு அறையில் நின்று என்னைப் பார்த்தாள். நான் சோபா மெத்தையைத் தூக்கிய கையோடு நின்றேன்.

"நீங்கள் எங்கையும் மாத்தி வைச்சனீங்களோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நான் அதைத் தொடவே இல்லை" என்றேன்.

"மூண்டு மாசம் காத்திருந்து கிடைச்ச நாள். பிறகு எப்ப தருவினமோ தெரியாது. நீங்கள் அதைத் தொடவே இல்லை?"

இந்தத் தடவை அவள் கேட்ட விதம் வேறு. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நான் மெத்தையை மெல்ல இறக்கி வைத்து, தட்டிச் சரிசெய்து, நேரம் கடத்தினேன். அப்போது அறை வாசலில் சுலக்சன் வந்து நின்றான். அவன் தாயை அவர்களுடைய வழக்கப்படி "மே" என்றுதான் கூப்பிடுவான்.

"மே, ஸ்கூசாமி, மன்னிச்சிடுங்கோ. நான்தான் துலைச்சனான்."

"என்ன?"

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில ப்ரோஃப்புக்குக் காட்டக் கொண்டுபோனனான். வரேக்கை அவுத்தோபுஸில சீற்றில விட்டிட்டன். சொல்லப் பயமா இருந்தது."

மாலி இத்தாலியனுக்கு மாறினாள். உனக்காகத்தானே இவ்வளவும், எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம், எத்தனை நாள் கெஞ்சினோம் என்று குரல் உயர்ந்துகொண்டே போனது. சுலக்சன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இந்தத் தீவிலிருந்து ரயில் கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடப்பதைப் பார்க்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் அவன். ரோமும் இல்லை, ரயிலும் இல்லை, அறைக்குப் போ என்றாள். அவன் போனான். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்திருப்பான்போல. அவனுடைய ரப்பர் செருப்பு தரையில் சரசரத்தது.

மாலி கதிரையில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு வார்த்தை முடிந்துவிட்டது. நான் குசினியில் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தேன். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, அறைக்குள் போனேன்.

சுலக்சன் கட்டிலின் ஓரத்தில் இருந்தான். நான் பக்கத்தில் இருந்ததும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"நீங்கள் வைக்கேக்கை போன் கண்ணாடியில கண்டனான்."

"அப்ப அம்மாவிட்டை உள்ளதைச் சொல்லியிருக்கலாமே, அப்பு."

அவன் தோளைக் குலுக்கினான். இந்த ஊர்ப் பிள்ளைகளின் குலுக்கல் அது. "நீங்கள் பயந்துபோய் இருந்தனீங்கள். ஏனெண்டு தெரியேல்லை. மே என்னோட கோவிச்சாப் பரவாயில்லை, ரெண்டு நாளில சரியாகிடுவா. உங்களோட எண்டா நிக்காது." ரயிலை நினைத்து, "ட்ரேனோ பிறகும் போகும்தானே" என்றான்.

அவனுடைய முகம் தாயின் முகம். பன்னிரண்டு வருடமாக எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பரவாயில்லை என்று சொல்லும்போது வலப்பக்க உதட்டை உள்ளே மடித்துக் கடிக்கும் அந்தப் பழக்கம் மாலியிடம் இல்லை. என்னிடமும் இல்லை. அது நிசாந்தியின் பழக்கம். அவளைப் பற்றி அவனுக்கு நான் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. சிவப்புச் சீட்டுப் பயம் அப்போதும் போகவில்லை, பானைக்குள் கை விடும் அந்தப் பொடியங்கள் எல்லாருக்கும் சுலக்சனின் முதுகுதான் இருந்தது. ரோமுக்குப் போனால் அந்தப் படிவத்தில் என் கை ஓடுமா என்பதும் தெரியவில்லை.

வெளியே கதிரை நகர்ந்தது. மாலி எழும்பிவிட்டாள், அறையைப் பார்த்து வருகிறாள். சுலக்சன் என் முழங்கையைப் பிடித்துத் தலையை இல்லை என்று ஆட்டினான். நான் அவனுடைய விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். அவனுடைய கால்பந்துச் சப்பாத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். மாலியின் கோயில் செருப்பையும் என்னுடைய மழைச் சப்பாத்தையும் எடுத்து வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?" வாசலில் மாலி கேட்டாள்.

பலகை பாரமில்லை. ஒற்றைக் கையால் தூக்கினேன், கீழே இருட்டுக்குள் கிடந்த பச்சை உறையில் யன்னல் வெளிச்சம் விழுந்தது.