ஹரிதா சொல்ல வேண்டிய எண்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்காகத் திருப்பதியில் கோடை முகாம் நடத்தும் நண்பர்கள் சிலர், ‘முகாம் இப்பிள்ளைகளுக்கு என்ன தருகிறது’ என்று தங்கள் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் கேட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். தன்னம்பிக்கை, தோழமை, விழிப்புணர்வு என்று துணைத் தலைப்புகள்கூடப் போட்டாயிற்று. அப்படியே முடித்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். முகாமுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குள் நான் நுழைந்ததுதான் வினை.

அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகளை முகாமில் விட்டுவிட்டு, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, போகாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சின்னசாமி என்றும் மகளுக்கு ஹரிதா என்றும் பெயர் வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால், இது எங்கள் கதையே இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். ஹரிதா காலையில் விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவைத் தன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். உண்மையான எண்ணைச் சொல்ல வேண்டும். கொலை இல்லை, காதல் இல்லை, சொத்துத் தகராறு இல்லை. இவ்வளவு சின்ன காரியத்தைக்கூட என்னால் நடத்திவைக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: “சேஷாசலத்தின் சிகரங்களில் முகில்கள் தவழ்ந்த அந்த இளங்காலையில், ஒரு தந்தையின் நெஞ்சம்...”

வேண்டாம். மே மாதத்துத் திருப்பதியில் முகில் எங்கே தவழ்கிறது? வெயில் மண்டையைப் பிளக்கிறது.

இரண்டாவது: “டைப் ஒன் என்பது இனிப்பு தின்று வருவதல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுவதால் வருவது. சாப்பாட்டுக்கு ஏற்ற ஊசியை வாழ்நாள் முழுவதும்...”

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட வேண்டிய வாசகம். இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன். ஊசி குறைந்தால் ஆபத்து, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அதைவிட ஆபத்து என்று தெரியாவிட்டால், சின்னசாமியின் பயமும் உங்களுக்குப் புரியாது, அவர் செய்த தவறும் புரியாது.

மூன்றாவது: சின்னசாமிக்கு மாந்தோப்பு இருந்தது.

(இங்கே கொஞ்சம் தயங்கினேன். மாந்தோப்புக்காரர் மகளுக்குச் சர்க்கரையா, நல்ல ஜோடி சேர்த்தீர்கள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். அதற்குப் பயந்து அவரை நகரியில் தறி ஓட்டுபவராக ஆக்கிப் பார்த்தேன். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேன் ஓட்ட வைத்தேன். மனிதர் ஒரு பக்கம்கூட நகரவில்லை. தோப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்.)

3

நகரிக்கு அந்தப் பக்கம் சின்னசாமியின் தோப்பு. காய்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பங்காருபாளையம் மண்டிக்குப் போவார். அங்கே தெலுங்கில் பேரம், வீட்டில் தமிழில் சண்டை, செல்போனில் இரண்டும் கலந்து. கலகலப்பான மனிதராகத்தான் இருந்தார்.

ஹரிதாவுக்குப் பன்னிரண்டு வயதில் அது நடந்தது. நோய் கண்டுபிடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பழம் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. அவள் பழுக்கவைக்கும் அறையில் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் ஆசை தீரத் தின்றாள். தின்றதைச் சொல்லப் பயந்து ஊசியும் போடவில்லை. அப்புறம் காய்ச்சல் வேறு சேர்ந்துகொண்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் மூச்சு வாங்கியதைச் சின்னசாமி நின்று பார்த்தார்.

அன்றோடு அந்த வீட்டுக்குள் மாம்பழம் நுழையவில்லை. டன் கணக்கில் விற்பவர், வாசல் குழாயில் கைகால் கழுவி, சட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். வாசனைகூட மகள் மூக்கில் ஏறக்கூடாதாம். ஊசி போடும்போது கதவைச் சாத்தச் சொல்வார். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம்.

மகளுக்குப் பதினைந்து ஆனபோது முகாம் பேச்சை எடுத்தவள் அவர் மனைவி தாட்சாயணி.

“அனுப்பலாம்யா. அவள மாதிரி புள்ளைங்கள ஒருவாட்டி அவ கண்ணால பாக்கட்டும்.”

“சக்கர எறங்கி லோ ஆயிடிச்சின்னா யார்டி பாப்பாங்க?”

“அங்க டாக்டருங்கோ கீறாங்க. உன்ன விட நல்லாத்தான் பாப்பாங்க.”

சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்டுக்கு முன்னால் நின்று ஹரிதா சொன்னாள்: “நைனா, நீ ஊருக்குப் போய்டு. நான் இன்னா கொழந்தையா?”

“போறேம்மா. பஸ்ஸு வந்தா போய்க்கினே இருப்பேன்.”

பஸ் வந்தது. அவர் டீக்கடைக்குப் போனார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று உப்பிக்கொண்டிருந்தது.

4

(கட்டுரைக்காக எடுத்த குறிப்புகளை இங்கே கொட்டுகிறேன். இல்லாவிட்டால் மலர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.)

முகாமை நடத்திய கௌசிகாவுக்கு ஆறு வயதிலிருந்து இதே நோய். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வருஷா வருஷம் இதற்காக லீவு போட்டுவிட்டு வருகிறாள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் மற்றவர்கள் ‘ஐயோ’ என்றும் சொல்லக்கூடாது, ‘சபாஷ்’ என்றும் சொல்லக்கூடாது.

“தொண்ணூத்தெட்டு.” “இருநூத்தி நாப்பது.” தெலுங்குப் பிள்ளைகள் தெலுங்கில். பிறகு எல்லோரும் சட்டையைத் தூக்கி, பேச்சை நிறுத்தாமலே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்ததை ஒரு கூடமே செய்வதைப் பார்த்து ஹரிதா முதல் வேளை வாயே திறக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சொன்னாள்: “முந்நூத்திப் பத்து.”

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கௌசிகா மட்டும், “சரி, இப்ப இன்னா பண்ணலாம், நீயே சொல்லு” என்றாள். நேற்றுவரை எண் என்றாலே வீட்டில் யாராவது தலையில் கைவைப்பார்கள், அம்மா அழுவாள். இங்கே அது மேற்கொண்டு என்ன செய்வது என்று பார்க்கும் ஒரு சங்கதி, அவ்வளவுதான். என் நான்கு பக்கக் கட்டுரையில் உருப்படியாக எழுத இருந்தது இது ஒன்றுதான்.

மத்தியானம் அவள் போன் செய்தாள். “நைனா, காலைல முந்நூத்திப் பத்து. நானே கணக்குப் பாத்து ஊசி போட்டேன். எறங்கிடிச்சி.”

எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருந்த சின்னசாமி கேட்டைப் பார்த்துப் பாதி எழுந்துவிட்டார். ஆனாலும், “சரிம்மா, சரிம்மா” என்றார். போனை வைத்த பிறகு கடைக்காரருக்குக் கேட்கும்படி, “எம்பொண்ணுதான்” என்றார்.

அதுதான் அவள் அவரிடம் சொன்ன கடைசி உண்மையான எண்.

5

முகாமின் கடைசி மாலை. பெற்றோர்கள் வரலாம் என்று கேட்டைத் திறந்தார்கள். முதலில் நுழைந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வராந்தாவில் நீண்ட மேஜை. பிள்ளைகள் முன்னால் தட்டுகளில் பங்கனப்பள்ளி மாம்பழத் துண்டுகள். பழத்தின் எடை பார்த்து, தங்கள் எண் பார்த்து, அதற்கான ஊசியும் போட்டு முடித்துவிட்டு, ஒரே நேரத்தில் தின்பதற்காகக் காத்திருந்தார்கள். மூன்று வருஷமாகத் தொடாத பழத்தை ஹரிதா கையில் எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னசாமி அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. அன்றைய ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவைத்தான் பார்த்தார்.

“ஏய்! இன்னா துன்னினுகீற!”

அவள் முன்னாலிருந்த தட்டைக் கையால் ஒரே அடியாகத் தட்டிவிட்டார். துண்டுகள் வராந்தாவெங்கும் சிதறின.

“அங்கிள்! அவ அதுக்கு ஊசி போட்டுட்டா!” கௌசிகா ஓடிவந்தாள். “இப்ப அவ துன்னுதான் ஆவணும்.”

பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டை ஹரிதா பக்கம் தள்ளினார்கள். “யாரும் குடுக்காதீங்க, நீங்களும் உங்க பங்குக்கு ஊசி போட்டுகீறீங்க!” என்று அவர்களையும் அதட்டிவிட்டுக் கௌசிகா வேறு பழம் நறுக்கினாள்.

“எனக்கு வேணாம்,” என்றாள் ஹரிதா.

கெஞ்சினார்கள். வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வேர்வை துளிர்த்தது, விரல்கள் நடுங்கின. சின்னசாமி பையிலிருந்த பாக்கெட்டை எடுத்தார். பல்லால் கடித்தும் பிரியவில்லை, பாதி சட்டையில் கொட்டியது. மீதியை நீட்டினார். அவள் அந்தக் கையிலிருந்து வாங்கவில்லை. கௌசிகா கொடுத்த ஜூஸைக் குடித்தாள். நடுக்கம் நின்றதும் அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“எல்லார் எதிர்லயும்.”

மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து ஊருக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனது அவர் கையால்தான் ஆனது.

6

அந்தக் கையை நிறுத்த எவ்வளவோ பாடுபட்டேன். எழுதிக் கிழித்தவற்றில் சில:

அ. சின்னசாமி அன்று காலையிலேயே ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார். ஹரிதா பழம் தின்கிறாள். சுபம். (ஆனால் அவர் ஏறமாட்டேன் என்கிறார். நானும் எத்தனை பஸ் விட்டுப் பார்த்தேன் தெரியுமா?)

ஆ. கௌசிகா பாய்ந்து அவர் கையைப் பிடித்து, வீர வசனம் பேசுகிறாள். (சினிமாவாகிவிட்டது.)

இ. தட்டிவிட்டவர் உடனே, “தெரியாம பண்ட்டேம்மா...” என்று

இந்த வாக்கியம் முடியவே இல்லை. சின்னசாமிக்கு மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை, உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் பெற்ற பிள்ளையிடம் ‘என் தப்பு’ என்று சொல்ல அவர் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பதிலுக்கு அவர் மகளுக்குப் புது செருப்பு வாங்கினார். நோவே இல்லாத மெல்லிய ஊசிகளைச் சித்தூர் மெடிக்கல் ஷாப்பெல்லாம் தேடி வாங்கிவந்தார். கதவைச் சாத்தச் சொல்வதை விட்டுவிட்டார். அவளோ இப்போது தானே சாத்திக்கொண்டாள்.

7

அதற்கப்புறம் தினமும் காலையில் இதுதான்.

“எவ்ளோம்மா?”

“நார்மல் நைனா.”

மழைக்காலம் போயிற்று, பனி போயிற்று, தோப்பில் பூ வந்தது. எல்லா நாளும் நார்மல். எந்த டைப் ஒன் பிள்ளைக்கும் எல்லா நாளும் நார்மலாக இருக்காது என்று சின்னசாமிக்குத் தெரியும். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம், மேஜையில் கிடந்த மீட்டரைக் கையில் எடுத்தார். பட்டனை அழுத்தினால் பழைய எண்களெல்லாம் வரும். அழுத்தாமல் வைத்துவிட்டார். அவளாகச் சொல்லாத எண்ணைத் திருடிப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டார்.

தோப்பில் தனியாக இருக்கும்போது அவருக்கு அழுகை வந்தது. பழம் போனதற்காக இல்லை. கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்து தின்ற பிள்ளை, எல்லோரும் பார்க்க, கணக்குப் போட்டு, பயமில்லாமல் ஒரு துண்டு கையில் எடுத்தாள். அதைத் தட்டிவிட்டு அவளை மறுபடி கூடைகளுக்குப் பின்னாலேயே உட்கார வைத்துவிட்டோமே என்றுதான் அழுதார். இதை மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

மறுபடி மே வந்தது. முகாம் தேதியைக் கௌசிகா வாட்ஸப்பில் அனுப்பினாள். ஹரிதாவுக்குப் பதினாறு, அடுத்த வருஷம் முகாமுக்கான வயது தாண்டிவிடும்.

“நான் போகல,” என்றாள்.

தாட்சாயணி புருஷனைப் பார்த்தாள்.

8

மலர் அச்சுக்குப் போய்விட்டது. என் நான்கு பக்கம் இல்லாமலே போய்விட்டது. ஆனாலும் இதை விட மனமில்லை. அடித்து அடித்து எழுதியதில், சின்னசாமியை ஒரு காலை ஹரிதாவுக்கு எதிரே தரையில் உட்கார வைத்துவிட்டேன். அவள் விரலில் குத்தி, துளியை வைத்துவிட்டு, மீட்டர் காட்டக் காத்திருக்கிறாள். பேசிப் பழகாத ஒன்றைப் பேச அவர் தொண்டையைச் செருமுகிறார்.

“அன்னிக்கி நீ கணக்கு சரியாத்தான் போட்டிருந்த. நான்தாம்மா தப்பு பண்ட்டேன்.”

இந்த இரண்டு வாக்கியம் வர எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இவ்வளவு தாமதமாக வந்தது அவள் காதில் ஏறுமா என்று தெரியவில்லை. ஹரிதா நிமிரவில்லை. மீட்டர் கூவுகிறது. அவள் பார்த்துவிட்டாள், அவருக்குத் தெரியும் பக்கமாக அதைத் திருப்பவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. ‘நார்மல்’ என்று எழுதினால் அந்த மனிதரைப் பார்க்கச் சகிக்காது. வேறு எதையாவது எழுதினால், எல்லாம் தீர்ந்தது என்று உங்களை ஏமாற்றியதாகிவிடும். அவளை ஒருமுறை எல்லோர் எதிரிலும் அவமானப்படுத்தியாயிற்று. அவள் வாயில் வார்த்தையைத் திணிக்க எனக்கும் உரிமை இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், உங்களுக்குத் தோன்றியதை நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னசாமி சார்பாக ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறுபதோ நானூறோ, எதுவானாலும் அவர் தாங்கிக்கொள்வார். எண்ணாக இருந்தால் போதும்.

“எவ்ளோம்மா?”

“...........................”