பிஸ்கட் டின்னில் இருபத்தொன்பது ஓட்டு

1978 மலேசியப் பொதுத்தேர்தலில், ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் நான் ஒரு நாள் கிராணியாக வேலை பார்த்தேன். பெயர்ப்பட்டியலில் கோடு போட்டு, வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் வேலைதான். ஆனாலும் அன்று முதல் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதமே பிரிக்பீல்ட்ஸில் எங்கள் இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர் தேர்வு வந்தது. வழக்கமாகக் கை தூக்கச் சொல்வார்கள். ஒரு பையன் தூக்கினால் எல்லாப் பையன்களும் தூக்குவார்கள், அதோடு முடிந்தது. நான் எழுந்தேன்.

"இந்தத் தடவ ரகசிய ஓட்டு. நான்தான் நடத்துவேன். எனக்கு ஓட்டு வேணாம்."

"பூரணக்கா கவர்மென்ட் ஆளாயிட்டாங்க லா!" என்று ஒருவன் கத்தினான். கத்தட்டும்.

மன்றத்தில் இருந்தது ஒரே ஒரு பூப்பந்து கோர்ட். தினமும் சாயங்காலம் பையன்கள்தான் ஆடுவார்கள். பெண்கள் நாங்கள் ஓரத்தில் நின்று ஷட்டில் பொறுக்கிக் கொடுப்போம். எனக்கு வயது இருபத்து மூன்று. ஆறு வருஷம் பொறுக்கியிருக்கிறேன், மட்டையைத் தொட்டதே இல்லை. செவ்வாயும் வியாழனும் பெண்களுக்கு வேண்டும் என்று குணேஸ்வரி தேர்தலில் நின்றாள். எதிரே பூப்பந்து அணித் தலைவன் தயாபரன். கோர்ட் இருக்கிறபடியே இருக்கும் என்றான் அவன்.

என்னை விட்டுவிட்டு, ஓட்டுப் போட இருபத்தொன்பது பேர். பையன்கள் பதினைந்து, பெண்கள் பதினான்கு. ஒரே ஒரு பையன் மனம் மாறினால் போதும்!

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, தட்டி, காலி என்று காட்டிவிட்டுக் கயிறு கட்டினேன். வலைக் கம்பங்களுக்கு நடுவே போர்வையைத் தொங்கவிட்டு மறைப்புச் செய்தேன்.

"உள்ள போனா நீயும் பென்சிலும்தான். பிடிச்ச பேருக்கு நேரா ஒரு எக்ஸ். யாருக்குப் போட்டன்னு அம்மாகிட்டகூடச் சொல்லாத."

"கூட்டாளி கேட்டா, அக்கா?"

"சிரிச்சிட்டுப் போ லா!"

ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். பிறகு டின்னைத் திறந்து, ஒவ்வொரு சீட்டையும் எல்லாருக்கும் காட்டி எண்ணினேன். பன்னிரண்டு பன்னிரண்டு. பதின்மூன்று பதின்மூன்று. பதினான்கு பதினான்கு! கடைசிச் சீட்டைப் பிரித்தேன். தயாபரன்.

கூரை பறக்கிற மாதிரி பையன்கள் கத்தினார்கள். ஒருத்தன்கூட மாறவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் குணேஸ்வரி மூக்கை உறிஞ்சினாள்.

"நான் தயாவுக்குப் போட்டேன், அக்கா."

"என்னடி சொல்ற?"

"நமக்கு நாமே போட்டுக்கிறதா? வெக்கமா இருந்துச்சு. பந்தியில உக்காந்து நம்ம இலைக்கு நாமே பரிமாறிக்குவோமா?"

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். கை ஓங்கும்போதே கணக்கு உறைத்தது. மற்றப் பதின்மூன்று பெண்களும் போட்டிருந்தால்கூடப் பதின்மூன்றுதானே? பதினான்காவது யார்?

பையன்களுக்கும் அது உறைத்துவிட்டது. "யார்ரா அது? சீட்ட எடு, கோடு போட்ட லட்சணத்துல கண்டுபிடிச்சிடலாம்!" என்று பாய்ந்தார்கள். நான் சீட்டுகளை டின்னில் திணித்து மூடி, மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"தொட்டா கைய முறிச்சிடுவேன்!"

தயாபரன் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "அப்படின்னா அவ தனக்கே போட்டிருந்தா நான் தோத்திருப்பேன். திரும்பப் போடலாம், அக்கா," என்றான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தலையாட்டினால் செவ்வாய்க்கிழமை எனக்கும் மட்டை கிடைக்கும். ஆனால் நடத்தினது நான்.

"போட்ட ஓட்டு போட்டதுதான்," என்றேன். அன்று போல எனக்கு எதையும் சொல்லக் கஷ்டமாக இருந்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சீட்டுகளை அடுப்பில் போட்டேன்.

இன்னும் ஒரு வருஷம் ஷட்டில் பொறுக்கினோம். மறுவருஷமும் அதே இரண்டு பேர், அதே இருபத்தொன்பது ஓட்டு, அதே டின். குணேஸ்வரி போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே குதித்தாள்.

"எனக்கே போட்டேன்!"

"வாய மூடுடி! சொல்லக் கூடாது!"

எண்ணினேன். பதினேழுக்குப் பன்னிரண்டு. குணேஸ்வரி! பெண்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். பதினான்கு பெண்களுக்குப் பதினேழு ஓட்டு. அந்தப் பையன்கள் யார் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

முதல் செவ்வாய்க்கிழமை நான் அடித்த முதல் ஷட்டில் நேராகப் போய்க் கூரை விட்டத்தில் சொருகிக்கொண்டது. ஓரத்தில் நின்றிருந்த தயாபரன் தலையில் அடித்துக்கொண்டு ஏணி எடுக்கப் போனான்.