மூன்று பேர்ச் வீட்டின் மஞ்சள் வெளிச்சம்

மருதமுனையில் கடலுக்கு இரண்டு வீட்டு வளவு தள்ளி இருக்கும் றஸாக்கின் வீட்டை வெளியில் நின்று அளந்தால் மூன்று பேர்ச் காணிக்கு மேல் தேறாது. உள்ளே, மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹோல் விளக்கைப் போட்டால், அந்த ஒழுங்கையில் குடியிருக்கும் சனம் முழுவதும் கால் நீட்டி இருந்து சாப்பிடலாம். வரி மதிப்பிட வந்த உத்தியோகத்தர் பகலில் ஒரு தரமும் பொழுதுபட்ட பின் ஒரு தரமும் அளந்து பார்த்துவிட்டு, பகல் அளவையே எழுதிக்கொண்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை யாரும் அலுவலகப் பக்கம் கொண்டுபோகவில்லை.

றஸாக் தோஹாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தவர். அந்த ஹோட்டலைப் புதுப்பித்தபோது, வரவேற்பு மண்டபத்தில் இருந்த பழைய தொங்குவிளக்கு ஒன்றைக் கழற்றிக் குப்பையில் போடப் போனார்கள். ஏழு பித்தளைக் கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகுதிரி மாதிரியான சிறு குமிழ் மாட்டும் இடம், அடியில் கண்ணாடித் தொங்கல்கள். மற்றவர்கள் அத்தரும் போர்வையும் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்த நாளில், றஸாக் அந்த விளக்கைக் குளியல் துவாய்களில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி றம்லா அதைப் பார்த்து, இதைத் தொங்கவிட்டால் மனிதர் நிமிர்ந்து நடக்க வேண்டாமா என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். விளக்குத் தொங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் தொழுகையின் ருகூஉவில் குனிவது போல் குனிந்தே ஹோலைக் கடந்தார்கள்.

முதலில் அதற்கு வெள்ளைக் குமிழ்களையே போட்டார்கள். வெளிச்சம் வெள்ளையாக இருக்க இருக்க வீடு செழிப்பாக இருக்கிறது என்பது அந்தக் கரையில் பலருடைய எண்ணம். அந்த வெள்ளையில் ஹோல் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது. சாப்பிடும்போது முழங்கால்கள் முட்டின, அலுமாரிக் கதவு பாதிதான் திறந்தது. யாரும் வியக்கவில்லை. ஒவ்வொரு மகளுக்கும் கலியாண வீடு கட்ட ஒரு வளவு இரண்டாகும் ஊர் அது. வீடு சின்னனாகிக்கொண்டு போவது எல்லோருக்கும் பழகியிருந்தது. றம்லாவின் தாய் விட்டுப்போன வளவும் அப்படித்தான் றம்லாவுக்கும் தங்கை றஹீமாவுக்கும் இரண்டாகியது. நடுவில் எழும்பிய சுவர் தன் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்று றம்லா சொன்னாள். மேசன் கட்டிய இடத்தில்தான் நிற்கிறது என்று றஹீமா சொன்னாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன கறி கொதிக்கிறது என்று மணத்தில் அறிந்துகொண்டு, எத்தனையோ நோன்பும் பெருநாளும் அவர்கள் பேசாமலே கழித்தார்கள்.

றஸாக்குக்கும் றம்லாவுக்கும் ஒரே மகள் றினோஸா. கல்முனையில் கோகிலன் நடத்திய மின்விளக்குக் கடையில் அவள் வேலை செய்தாள். விளக்கு வாங்க வருகிறவர்களிடம் எந்த அறைக்கு என்று முதலில் கேட்பவள், தன் வீட்டு ஹோலைப் பற்றி யோசிக்க நேரம் பிந்தியது. ஒரு நாள் பின்னேரம், தொங்குவிளக்கின் கீழே இருந்த தாயும் தகப்பனும் அந்த வெள்ளையில் காயவைத்த கருவாடு போல் தெரிந்ததைப் பார்த்து, அழகு விளக்குக்கு இந்த வெளிச்சம் ஆகாது, கண்ணாடியும் பித்தளையும் மஞ்சளில்தான் உயிர் பெறும் என்று சொன்னாள். மறுநாள் பெட்டியில் 'வோம் வைட்' என்று எழுதியிருந்த ஏழு மஞ்சள் எல்.ஈ.டி. குமிழ்களைக் கொண்டுவந்து தானே மாட்டினாள். சுவிச்சைப் போட்டபோது றஸாக் குடித்து முடித்த கோப்பையை மேசையில் வைக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கை எட்டவில்லை. எழும்பி இரண்டு எட்டு வைத்தார், அப்போதும் எட்டவில்லை. மேசை தூரத்தில், பித்தளை நிறமான வெளிச்சத்தில், பெருநாள் காலையில் தெரியும் கடற்கரைத் திடல் போன்ற ஒரு ஹோலின் நடுவே நின்றது. விளக்கும் கூரையும் உயரத்துக்குப் போயிருந்தன. றம்லா முதுகை நிமிர்த்தினாள். பிறகு, இனிக் கூட்டிப் பெருக்குவது யார் என்று கேட்டாள்.

சங்கடம் படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது. சுவிச்சை நிறுத்தியதும் ஹோல் ஒரே மூச்சில் பழைய அளவுக்கு வந்தது. கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, அலுமாரி றஸாக்கின் காலில் வந்து நின்றது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற டிமர் ஒன்றைச் சுவரில் பூட்டினால் ஹோலை மெல்ல மடிக்கலாம் என்று றினோஸா கண்டாள். பூட்டினாள். ஆனால் அந்தக் குமிழ்கள் டிமருக்கு ஏற்றவை அல்ல. பாதி திருகியதும் அவை சிமிட்டத் தொடங்கின. ஹோலும் விக்கல் எடுத்தவர் போல் விரிந்து சுருங்கி விரிந்தது, றம்லாவுக்குத் தோணியில் போனது போல் வாந்தி வந்தது.

அதன் பிறகு தெரிவு செய்யும் காலம் தொடங்கியது. கோகிலன் கொழும்பிலிருந்து குமிழ்களை வரவழைத்தார். கடை பூட்டியதும் றினோஸாவும் அவரும் அவற்றைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார்கள். ஒரு வகை நுளம்பு போல் இரைந்தது, அதில் சுவர்கள் நடுங்கின. இன்னொன்று பாதிவரை நன்றாகக் குறைந்து பிறகு சட்டென்று அணைந்தது, ஹோல் கதவு சாத்துவது போல் அடைபட்டது. வேறொன்றில் ஹோல் தாராளமாக விரிந்தாலும் இறைச்சிக் கறி சாம்பல் நிறமாகத் தெரிந்தது, அதற்குள் இருந்த யாருக்கும் பசிக்கவில்லை. கடைசியில் வந்தவைதான் நின்றன. அவை குறையக் குறைய அடுப்புத் தணல் போலச் சிவந்து, கண்ணுக்கே தெரியாமல் அடங்கின. பழைய குண்டுக் குமிழ்களுக்குச் செய்த டிமரைக் கழற்றி, எல்.ஈ.டி.க்கென்றே செய்ததைப் பூட்டியதும் இரைச்சலும் இல்லை, விக்கலும் இல்லை. ஏழும் ஒரே தொகுதியில் வந்தவையாக இருக்க வேண்டும் என்பதையும் படித்துக்கொண்டார்கள். ஒன்று மாறியிருந்த ஒரு கிழமை முழுவதும் ஹோலின் தென்கிழக்கு மூலை மட்டும் குறுகிக் கிடந்தது. விடை பெறும்போது கோகிலன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, கடைக்கு வாறவங்களுக்கு இதச் சொல்லிராத. பிறகு காணி விக்கிற ஆக்கள் நம்மோட சண்டைக்கு வருவாங்க" என்றார்.

அந்த நாட்களில்தான் நிந்தவூர் ஸஜாத் கடைக்கு வரத் தொடங்கினான். அவன் நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். மெஷினுக்கு முன்விளக்கு வாங்க வந்தவன், எந்த மெஷினுக்கும் தேவைப்படாத அளவு குமிழ்களை அடுத்தடுத்து வாங்கிப் போனான். றினோஸாவுக்குக் காரணம் விளங்கியது, கோகிலனுக்கு அதற்கும் முன்பே விளங்கியிருந்தது. ஸஜாத்தின் தாய் ஸுல்பிகா பெண் பார்க்க வந்தபோது வெயில் நன்றாக இருந்தது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பான் என்பதால், பெண் ஒரு பார்வையிலேயே பிடித்துப்போக, அவள் வீட்டைத்தான் நெடுநேரம் பார்த்தாள். மூன்று பேர்ச். தன் மகன் நெட்டை ஆள், கால் நீட்டினால் வாசலுக்கு வெளியே போகும் என்று மெதுவாகச் சொன்னாள். றினோஸா அறைக்குள் நின்று அதைக் கேட்டாள். றஸாக் மட்டும் பதறாமல், மஃரிபைத் தொழுதுவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்துப் போகலாம் என்று சொன்னார். தொழுகை முடிந்ததும் டிமரை மெல்லத் திருகினார். ஸுல்பிகா ஹோலின் அடுத்த பக்கத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நடுவழியில் களைத்துப்போய் ஒரு கதிரையில் இருந்தாள். பிறகு றினோஸாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "மகள், கறண்ட் பில் கூட வருமா?" என்று கேட்டாள். எல்.ஈ.டி. என்றபடியால் வராது என்று றினோஸா சொன்னாள். கலியாணம் அந்த இடத்திலேயே முற்றாகியது.

சுவருக்கு அந்தப் பக்கம் றஹீமா இந்தக் கதையெல்லாம் கேள்விப்பட்டாள். விரிகிற ஹோல் எந்தப் பக்கம் விரிகிறது என்பதே அவளுடைய கேள்வி. அளவு நாடாவை எடுத்துத் தன் வீட்டை மூலைக்கு மூலை அளந்தாள். நில அளவையாளரையும் கூட்டிவந்து பொழுதுபட்ட பின் அளக்கவைத்தாள். ஒரு விரற்கடை நிலம்கூடப் போகவில்லை. போயிருந்தால் சண்டை பிடிக்க ஒரு வழி கிடைத்திருக்கும். போகாததால் அவளுக்குக் கோபம் கூடியது. றினோஸா தானே போய்க் கலியாணத்துக்குக் கூப்பிட்டபோது, உம்மா வந்து கூப்பிடட்டும் என்றாள். றம்லாவோ, அவள் முதலில் சுவரை இடிக்கட்டும் என்றாள். றினோஸா இரண்டு வாசலுக்கும் நடந்து களைத்து, கடைசியில் றஹீமாவின் வாசலில், சாச்சி வராவிட்டால் மணவறையில் ஏறமாட்டேன் என்று அழுதுவிட்டு, நிகாஹ் நடக்கிற நாளும் நேரமும் எல்லோருக்கும் தெரியும்தானே என்று சொல்லித் திரும்பிவந்தாள்.

கலியாணம் ஒரு வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு. நிந்தவூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள், கோகிலன் குடும்பத்தோடு வந்தார். ஹோலின் நடுவில் திரை கட்டி ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக இருத்தினார்கள், அதற்குப் பிறகும் இடம் மிஞ்சியது. நிகாஹ் நடந்து, ஸஜாத் ஏற்றுக்கொண்டேன் என்று சொன்ன குரல் கடைசிச் சுவர்வரை போய் எதிரொலித்துத் திரும்பியது. றஹீமா வந்திருந்தாள். பச்சைச் சேலையில், பெண்கள் பக்கத்தின் கடைசி மூலையில், அக்காவுக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்க முடியுமோ அவ்வளவையும் விட்டுக்கொண்டு இருந்தாள். றம்லா அவளைக் கண்டாள். பச்சை நிறம் ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது. அந்தப் பெரிய ஹோலின் ஒரே குறை அது. யாரும் யாரிடமிருந்தும் விரும்பிய தூரத்தில் இருக்கலாம்.

பலர் சேர்ந்து உண்ணும் புரியாணிச் சஹன் தட்டுகளைச் சுற்றி எல்லோரும் கை வைத்த நேரம் ஊர் முழுவதும் கறண்ட் போனது.

ஹோல் மூன்று பேர்ச்சுக்குத் திரும்பியது. யாருக்கும் காயம் இல்லை. மௌலவியின் மடியில் ஒரு சஹன் சிந்தாமல் வந்து அமர்ந்தது. ஸுல்பிகாவின் முகம் கோகிலனின் மனைவியுடைய கொண்டை மல்லிகைக்குள் புதைந்தது. நிந்தவூர் ஆட்களும் மருதமுனை ஆட்களும் பெட்டியில் அடுக்கிய மாம்பழம் போல் நெருங்கி நின்றார்கள். திரை மட்டும் மரியாதை தவறாமல் நடுவில் நின்றது. இருட்டில் றம்லாவின் கன்னத்தோடு ஒரு கன்னம் அழுத்திக்கொண்டிருந்தது. நகர்த்த இடமில்லை. அந்த முகப்பவுடரின் மணம் அவளுக்குத் தெரியும்.

"றஹீமாவா?"

"ஓம், ராத்தா."

"மெலிஞ்சி போயிட்டாய்."

"கண் தெரியாத இருட்டில எப்படிச் சொல்றீங்க?"

"என்ட கை உன்ட முதுகிலதானே கிடக்கு."

பிறகு றஹீமா, "அந்த ஒரு சாணுக்கு நான் என்ன செய்ய, ராத்தா?" என்று கேட்டாள்.

"கிடக்கட்டும். இப்ப நாம ரெண்டு பேரும் அந்தச் சாணுக்குள்ளதானே நிக்கிறம்" என்றாள் றம்லா. இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். நெரிசலில் ஒருவர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் வயிறு குலுங்கும். ஆகவே கொஞ்ச நேரத்தில் காரணம் தெரியாமலே வீடு முழுவதும் சிரித்தது.

கலியாணப் பெண் றினோஸா, நெரிசலில் சுவரோடு ஒட்டி, டிமருக்குப் பக்கத்தில் நின்றாள். கறண்ட் ஒரேயடியாக வந்தால் ஹோல் ஒரேயடியாகத் திறக்கும், ஆட்கள் உமிபோல் சிதறி விழுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தங்க வளையல்கள் நிறைந்த கையை யார் யாருடையவோ தோள்களுக்கு மேலாக நீட்டி, தடவிப் பிடித்து, டிமரைக் கடைசிவரை குறைத்து வைத்தாள். கறண்ட் வந்தபோது ஏழு குமிழ்களும் தணல் போல் மெல்லக் கண் திறந்தன. அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள், மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே இடம் மெல்ல மெல்ல வந்தது. எல்லோரும் விலகி நடந்து தங்கள் சஹனைத் தேடிப் போனார்கள். நடுவில் இருவர் மட்டும் விலகாமல் கட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்களைச் சுற்றிச் சாப்பாடு நடந்தது.

சுவரை இடிக்கவில்லை, அதில் ஒரு வாசல் வைத்தார்கள். ஒழுங்கையில் கலியாணமோ பெயர் வைப்போ வந்தால் றம்லாவிடம் ஒரு வார்த்தை சொல்லி ஹோலை எடுத்துக்கொண்டார்கள், மழை நாட்களில் குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகளும் அங்கேதான் ஓதினார்கள். கோகிலன் அதே தொகுதிக் குமிழ்களில் கொஞ்சம் கடையின் பின்பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார், அவற்றை யாருக்கும் விற்கவில்லை. ஸஜாத் கால் நீட்டிப் படுத்தான். ஒரு வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஆகிலா என்று பெயர் வைத்தார்கள்.

ஆகிலா தவழ்ந்து, பிடித்து எழும்பி, ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு றஹீமாவின் கையை விட்டுவிட்டுத் தனியே நின்றாள். றினோஸா ஹோலின் அடுத்த பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தாயைக் கண்டு ஒரு எட்டு வைத்தது, இன்னொன்றும் வைத்தது. முன்னால் கிடந்த தூரத்தைப் பார்த்து, உதடு பிதுங்க, ஆடிக்கொண்டு நின்றது. றினோஸா இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.

"வாப்பா, கொஞ்சம் குறைங்க" என்றாள்.

றஸாக் டிமரை மெல்லத் திருகினார். வெளிச்சம் சிவந்து இறங்கியது, சுவர்கள் சத்தமில்லாமல் உள்ளே வந்தன. பிள்ளை மூன்றாவது எட்டில் தாயின் மடியில் விழுந்தது. றம்லா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்கு ஹோலை அந்த அளவிலேயே விட்டுவிட்டார்கள்.