துவைத்த நைட்டி

லூயிஸ் தன் வாழ்நாளில் செய்த பெரிய தப்பு, ஒரு நைட்டியைத் துவைத்தது. கேட்டால் சிரிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பால் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தை மெரினுக்கு நாலு மாதம். ஆள் ஒரு கைப்பிடி, பிடிவாதம் மூட்டை கணக்கில். அம்மா சிந்தியா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பிரசவ லீவு முடிந்து நைட் டியூட்டிக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. பகலில் தாய்ப்பால் குடிக்கிற மெரின், பாட்டிலைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். எடை நின்ற இடத்திலேயே நின்றது. "வெள்ளிக்கிழமை கொண்டாங்க. நாலரைக் கிலோ தொடலன்னா அட்மிட் பண்ணி மூக்குல ட்யூப் போட்டுடலாம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வழி கண்டுபிடித்தவள் சிந்தியாதான். "தூக்கத்துல குடுத்துப் பாருங்க. என் நைட்டிய தோள்ல போட்டுக்கங்க, நாந்தான்னு நெனச்சிக்கும்" என்றாள். அப்படியே ஆயிற்று. பால் சிந்திச் சிந்திப் புளித்த வாடை அடிக்கும் பழைய நீல நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லூயிஸ் உட்கார்ந்தால் போதும், மெரின் கண்ணைத் திறக்காமலேயே அறுபது மில்லியையும் காலி செய்துவிடுவாள். ஐந்து ராத்திரி இப்படிப் போனது. வியாழன் காலை தெருமுனை மளிகைக் கடைத் தராசில் துண்டை விரித்து அவளைப் படுக்க வைத்தார்கள். நாலு கிலோ நானூற்று ஐம்பது. இன்னும் ஐம்பதே கிராம்.

அன்று சாயந்திரம் பார்த்து அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டு முறை. அவர்கள் இருக்கும் சாரம் பகுதியில் அக்கம்பக்கத்துக் கோயில் குடும்பங்கள் வாரம் ஒரு வீடாகக் கூடிச் செபமாலை சொல்வார்கள். கூட்டத்தை நடத்தும் சூசைமேரியக்கா, வாசல்படி ஏறும்போதே மூக்கைச் சுளிக்கிற ரகம். சிந்தியா உள்ளறையில் குழந்தையோடு அசந்து தூங்க, லூயிஸ் வரிந்துகட்டிக்கொண்டு வீட்டை அலசினான். திரைச்சீலை, விரிப்பு, தலையணை உறை, அழுக்குக் கூடையில் கிடந்த அத்தனை துணி, கூடவே நைட்டி. வாசனைத் தண்ணீர் இரண்டு மூடி அதிகமாகவே ஊற்றினான். "சிந்தியா குடுத்து வச்சவ. வூடு எப்படி கமகமன்னு இருக்கு பாரு" என்றார் சூசைமேரியக்கா. நம் ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிந்தியா அதற்குள் டியூட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

இப்போது அந்த நைட்டி தோளில் ரோஜாப்பூவாக மணந்தது. மெரின் தூக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிப்பிளை உதட்டில் வைத்தான், நாக்கால் தள்ளினாள். மறு தோளுக்கு மாற்றினான், சிணுங்கினாள். எரிந்துபோன ஏ.சி.யைப் பிரித்துப்போட்டு ஓடவைக்கிறவன் அவன். ஒரு வாயைத் திறக்க வைக்க முடியவில்லை.

போன் அதிர்ந்தது. சிந்தியாவுக்கு அது டீ குடிக்கிற நேரம்.

"குடிச்சிச்சா?"

"நைட்டிய தொவச்சிட்டேன்."

"எந்த நைட்டி?"

"அதான். அன்பியத்துக்கு ஆளுங்க வராங்களேன்னு."

திட்டியிருந்தால் தேவலாம். அவள் திட்டவில்லை.

"தலகாணி ஒற?"

"எல்லாத்தயும் தொவச்சிட்டேன் சிந்தியா. நீ வர முடியாதா?"

"பன்னெண்டு புள்ளைங்க, நாங்க ரெண்டே பேரு. எப்படிங்க வர்றது? இங்க எனக்குப் பால் கட்டி வழியுது, சட்டையெல்லாம் ஈரம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ட்யூப்லாம் ஒண்ணும் ஆவாதுங்க. நானே தெனம் நாலு புள்ளைக்குப் போடறேன்" என்றவள், அதற்கு மேல் முடியாமல் அழுதாள். யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

சூடு செய்த பால் ஆறிக்கொண்டிருந்தது. அதை மறுபடி சூடு செய்யக்கூடாது. ஃப்ரிட்ஜில் வேறு பாலும் இல்லை. லூயிஸ் நைட்டியைத் தூக்கித் தூரப் போட்டான். பாட்டில் மூடியைத் திருகிக் கொஞ்சம் பாலைத் தன் பனியன் மேல், இடது மார்பில் ஊற்றினான். அவள் பிழிந்து எடுத்து வைத்துவிட்டுப் போன பால். ஊற்றும்போது கை கூசியது.

மெரினின் மூக்கு அசைந்தது. முகம் திரும்பியது. வாய் திறந்தது. வாகாகப் பாட்டிலை நீட்டினான். அவள் அதைத் தள்ளிவிட்டு, நனைந்த பனியனைக் கவ்விச் சப்ப ஆரம்பித்தாள்.

அவனிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லாத அந்த மார்பை அவள் முழு நம்பிக்கையோடு இழுத்தாள். பனியன் காயக் காயச் சொட்டுச் சொட்டாகப் பாலை விட்டான். அவள் துணியைச் சப்பிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு வயிற்றுக்குள் போயிற்று, எவ்வளவைப் பனியன் குடித்தது என்று தெரியவில்லை. பாட்டில் மட்டும் காலி.

காலையில் சிந்தியாவின் ஆஸ்பத்திரித் தராசு நாலு கிலோ நானூற்று எண்பது என்றது. "இருபது கிராம்தான மேடம்" என்றான் லூயிஸ். டாக்டரம்மா அதற்கு முன்பே அட்மிஷன் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"நானே போடறேன்" என்றாள் சிந்தியா. ராத்திரி யூனிஃபார்மைக்கூட இன்னும் மாற்றவில்லை. தினம் நாலு குழந்தைக்கு ட்யூப் போடுகிற கை, மெல்லிய அந்தக் குழாயை இரண்டு முறை மூக்கருகே கொண்டுபோய்ப் பின்னால் இழுத்துக்கொண்டது. மெரின் மேஜையில் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள்.

லூயிஸ் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே அதே பனியன், காய்ந்து விறைத்து, புளித்த வாடையோடு. குழந்தையைத் தூக்கி அதில் சாய்த்தான். அழுகை விசும்பலாகி, விசும்பல் நின்றது. மெரின் கன்னத்தை அங்கே வைத்து வாயைத் திறந்தாள்.

"அப்படியே புடிச்சிக்கங்க" என்றாள் சிந்தியா, குழாயோடு குனிந்தபடி.