இடப்பக்கத்துக் கதவு

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இருதயத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினாள். வேறு நாளாக இருந்தால் சடையனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இருதயத்தைப் பற்றி அவனுக்கா பாடம்? மலைமேல் கரியாலூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருஷமாகக் கறிக்கடை போட்டிருக்கிறவன். எத்தனை ஆட்டு இருதயம் அவன் கையில் சூடு ஆறாமல் கிடந்திருக்கும்! ஆனால் சிரிப்பு எங்கே வரும்? அடுத்த அறையில் அவன் மகள் மலர்விழி ஏழு மாத வயிற்றோடு படுக்க முடியாமல், தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள்.

"இதுல நாலு அறை இருக்கு. இடப்பக்கம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல இந்தக் கதவு," என்றாள் டாக்டரம்மா. "நுரையீரல்லேர்ந்து வர்ற ரத்தம் இது வழியாத்தான் கீழ எறங்கணும். உங்க பொண்ணுக்கு இந்தக் கதவு தடிச்சி ஒட்டிப்போச்சி. சுண்டுவிரல் நுனி அளவுக்குத்தான் தொறக்குது. புள்ளத்தாச்சிக்கு ரத்தம் வேற ஜாஸ்தி. எறங்க வழியில்லாம நுரையீரல்ல தேங்குது."

சடையன் தலையாட்டினான்.

"சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு மூட்டா வீங்கிச்சா? தொடர்ந்து ஊசி ஏதாவது போட்டீங்களா?"

சடையன் திரும்பிப் பார்த்தான். பின்னால் சம்பந்தி ராஜாம்பாள் நின்றிருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து சின்னசேலத்தில் கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவன்கூட அவள் தெருவை ஓட்டமாய்க் கடந்துவிடுவான். நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால், மகள் பிழைத்து வந்தாலும் அந்த வீட்டில் அவளுக்கு வாழ்வு ஏது?

"அப்படி ஒண்ணும் இல்லீங்க," என்றான். பச்சைப் பொய்.

மலர்விழிக்கு அப்போது ஒன்பது வயது. தாய் தைலம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். ஒருநாள் முழங்கால் வீங்கியது, அது வடிவதற்குள் மணிக்கட்டு வீங்கியது, காய்ச்சல் அனலாய் அடித்தது. மலை ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு அட்டை எழுதிக் கொடுத்து, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வருஷக்கணக்கில் போடவேண்டும், நிறுத்தவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஊசியா அது! இடுப்பில் குத்தினால் இரண்டு நாளைக்குக் கால் ஊன்ற முடியாது. பிள்ளை போடும் கூச்சல் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். ஆட்டுக் கழுத்தில் கத்தி வைக்கிறபோது கண் இமைக்காத மனுஷன், அந்தக் கூச்சலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான்.

கறிக்கடைக்காரனிடம் ஒரு வைத்தியம் எப்போதும் தயாராக இருக்கும். எந்த உறுப்பு கெட்டதோ, அந்த உறுப்பைத் தின்றால் சரியாகும். ஈரலுக்கு ஈரல், காலுக்குக் கால். ஊரில் பாதிப் பேருக்கு அவனே சொல்லிக் கொடுத்ததுதான். மகளுக்கும் மிளகு தட்டிப்போட்டு ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தான். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து பிள்ளை நொண்டி விளையாடியது. அது தானாகவே வடிகிற வீக்கம் என்று அவனுக்கு யார் சொல்வது? "காலே சரியாப்பூடுச்சி, இன்னாத்துக்கு ஊசி?" என்று ஐந்தாவது ஊசியோடு அட்டையைக் கூரை எரவாணத்தில் செருகினான். அவ்வளவுதான், அதோடு மறந்தும் போனான்.

டாக்டரம்மாவிடம் பொய் சொன்ன மறுநாள் ஞாயிறு. ஒரு காதுகுத்துக்கு ஆடு தருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் விடியுமுன் மலையேறிக் கடைக்குப் போனான். ஆட்டை அறுத்து உரித்தான். வழக்கமாக இருதயத்தைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டே வெட்டில் நாலு துண்டாக்கித் தராசில் போடுவான். அன்று கத்தி இறங்கவில்லை. இடப்பக்க மேல் அறையை மட்டும் மெல்லச் சீவித் திறந்து உள்ளே பார்த்தான். அந்தக் கதவு இருந்தது. இரண்டு மடல். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி அத்தனை மெல்லிசு. அடியில் வெள்ளை வெள்ளையாய் நரம்பு இழைகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. இருபத்தைந்து வருஷமாக இதையா வெட்டிக்கொண்டிருந்தேன் என்று திகைத்துப்போனான். கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. பிறகு மடல்களை விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினான். தண்ணீர் இறங்கவில்லை. மேல் அறை நிரம்பி, அவன் கையெல்லாம் வழிந்தது. விரலை எடுத்தால் சட்டென்று இறங்கிவிடுகிறது. மகளின் நெஞ்சுக்குள் எந்த விரலை எடுப்பான்? கறி வெட்டும் கட்டை முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கறி வாங்க வந்த பாவாடை என்கிற வாடிக்கைக்காரன் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனான்.

பத்து மணி பஸ்ஸில் மலையிறங்கி நேரே டாக்டரம்மாவிடம் போனான். ராஜாம்பாள் அங்கேயேதான் இருந்தாள். இருக்கட்டும்.

"நேத்து பொய் சொல்லிட்டங்க. ஒம்பது வயசுல வீங்கிச்சி. ஊசி எழுதிக் குடுத்தாங்க. அஞ்சு போட்டு நாந்தான் நிறுத்திட்டேன்."

"ஊசி ஒத்துக்கிச்சா? அரிப்பு, மயக்கம் எதுனா வந்துச்சா?"

"ஒண்ணும் வரலீங்க. வலியில கத்தும், அவ்ளோதான்." மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இருதயத்தைப் பார்த்தான். "நிறுத்தாம போட்டிருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்துதான் கதவைக் கெடுக்குது. ஊசி போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனிமேலாவது விடாம போடணும். ஆனா மொதல்ல கதவைத் தொறக்கணும். பாண்டிச்சேரிக்கு அனுப்பறேன். தொடை வழியா குழாய் விட்டு பலூனால விரிப்பாங்க. தாய்க்கும் புள்ளைக்கும் இப்ப எதுவும் உறுதியா சொல்ல முடியாதுங்க."

அதற்குள் ராஜாம்பாள் வராந்தாவே அதிரக் கத்தினாள். "நோவ மறச்சி எம்புள்ள தலயில கட்டிட்டியே, பாவி! நீயெல்லாம் ஒரு தகப்பனா?" நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று அவள் கேட்டதில் தப்பு என்ன? ஆனால் கல்யாணத்தின்போது சடையன் அந்த நோயை மறைக்கவில்லை, மறந்தேபோயிருந்தான். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பிற்பகலில் ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருத்தர்தான் ஏறலாம் என்றார்கள். மருமகன் ஆகாஷ் ஏறிக்கொண்டான். சடையன் கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றான். மலர்விழி முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அத்த கத்தினது கேட்டுச்சிப்பா," என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "எனக்கு ஞாபகம் இருக்கு. நாந்தான் கட்டுலுக்கு அடியில ஒளிஞ்சிக்கினு வரமாட்டேன்னு அழுவேன். நான் அழுவாம இருந்திருந்தா நீ நிறுத்தியிருக்க மாட்ட. என் தப்புதாம்ப்பா. நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத."

சடையன் வாயைத் திறந்தான். அதற்குள் நர்ஸ் மூடியைச் சரியாக வைத்துக் கதவைச் சாத்தினாள். வண்டி சங்கு ஊதிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. பத்தடி பின்னால் ஓடினான், செருப்பு கழன்றது, நின்றுவிட்டான். வண்டி தியாகதுருகம் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"உனக்கு அப்ப ஒம்பது வயசும்மா," என்றான் வெறும் ரோட்டைப் பார்த்து. "எனக்கு முப்பத்தாறு."